நீல அட்டையும் சப்பை மூக்கும்

விழுப்புரத்தில் விதைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா வைத்த கடை. கல்லாவில் உட்கார்ந்து நான் விற்றதைவிடப் பேசியதுதான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விதை கேட்டு யார் வந்தாலும் கால்மணி நேரப் பிரசங்கம் இலவசம். "மூட்டையில நீல அட்டை தச்சிருக்கா பாரு. நீலம்னா சான்று விதை, வெள்ளைன்னா ஆதார விதை. அட்டை இல்லாத மூட்டைய எவன் குடுத்தாலும் தொடாத. முளைப்பு எழுபது சதம்னு போட்டிருக்கா? போட்டிருந்தாலும் நம்பாத. நூறு பருப்ப ஈரக் கோணியில சுத்திவச்சி நீயே எண்ணிப் பாரு."

1966 விதைச் சட்டமும் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் எனக்குக் கந்தசஷ்டிக் கவசம் மாதிரி. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களெல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை, அந்த மூன்றெழுத்தே திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது என்று ஏதோ நானே பெற்றுப் பெயர் வைத்ததுபோலச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட நான் 2023 ஐப்பசியில், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து, அதே திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குக் கீழே ஒரு புல்டாக் குட்டி வாங்கினேன். அட்டை பார்க்காமலா வாங்கினாய் என்று கேட்காதீர்கள். பார்த்தேன். பிஸ்கட் கம்பெனி அட்டைப்பெட்டி.

புல்டாக் ஆசை வந்ததற்குக் காரணம் பெரியப்பா. புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பக்கத்து வீட்டு வாசலில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தொங்கிய கன்னம், நெற்றியில் நாலு மடிப்பு, உலகத்தில் யார் மேலும் நம்பிக்கையில்லாத பார்வை. சொத்துப் பிரிக்கும்போது எங்கள் பெரியப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்த்ததும் பாசம் வந்துவிட்டது. பெரியப்பா மேல் எனக்கு வராத பாசம்.

போனில் ஒருவர் கிடைத்தார். "ஷோ குவாலிட்டி சார், இம்போர்ட் லைன். அப்பன் சாம்பியன். நீங்க எதுக்கு சார் அவ்ளோ தூரம் அலையணும்? நாங்களே பாதி வழியில கொண்டாந்து குடுக்குறோம்." அந்த மரியாதையில் நான் நெகிழ்ந்துபோனேன். ரோட்டோரத்தில் கார் டிக்கியைத் திறந்து எவனாவது விதை மூட்டை விற்றால் அந்த நிமிஷமே விதை ஆய்வாளருக்குப் போன் போடுகிறவன் நான். நாய் விஷயத்தில் அது டோர் டெலிவரியாகத் தெரிந்தது.

சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை, மரக்காணம் என்று நாலு பக்கமும் சாலை பிரிகிற ஊர் திண்டிவனம். விற்றவன் எந்தப் பக்கம் போனான் என்று பிறகு தேட முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை. காரின் இன்ஜினை அணைக்காமலே பெட்டியை நீட்டினார். ராத்திரியெல்லாம் யோசித்துத் தயார்செய்த மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

"கடிக்குமா?"

"கொழந்த மாதிரி சார். கடிக்கவே கடிக்காது."

"வீட்டுக் காவலுக்கு ஆவுமா?"

"ஒருத்தன் கிட்ட வரமாட்டான் சார்."

இரண்டு பதிலையும் அடுத்தடுத்து கேட்டும் எனக்கு நெருடவில்லை. மூன்றாவது கேள்விக்குத் தாவிவிட்டேன். "ஆயிரம் கொறைக்க முடியுமா?" முடியாது என்றார். கென்னல் கிளப் பேப்பர் வேண்டுமானால் பத்தாயிரம் கூட என்றார். வேண்டாம் என்றேன். பத்தாயிரம் மிச்சம் பிடித்த திருப்தியோடு வண்டியைத் திருப்பினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் பெட்டிக்குள்ளிருந்து 'கர்ர்ர்... கர்ர்ர்' என்று சத்தம். பாவம், களைத்துத் தூங்குகிறது என்று ஏ.சி.யைக் குறைத்துவைத்தேன்.

வீட்டில் அம்மாவின் முதல் கேள்வி, "இது மூஞ்சில எவன்டா கதவ சாத்தினான்?" மனைவியின் முதல் கேள்வி, "எவ்ளோ?" பதினைந்தாயிரம் என்றேன். திருமணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி முப்பதாயிரம் தள்ளுபடியில் ஒரு பொய்யை நான் சொன்னதில்லை. அந்தப் பொய் அன்றோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியில் பாதி குறைந்திருக்கும்.

மகன் அதற்கு புரூஸ் என்று பெயர் வைத்தான். அம்மா வாயில் அது 'புருசு' ஆயிற்று. மனைவி வாசலில் நின்று "புரூஸ், சாப்பிட வா" என்று கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நாங்கள் இரண்டு பேருமே எழுந்து போவோம் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், மூக்கில் டார்ச் அடித்தார். பிறகு கேட்டார்:

"அம்மாவப் பாத்தீங்களா?"

"அம்மா வீட்லதான் இருக்காங்க டாக்டர். முட்டிவலி, வரல."

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாயோட அம்மாவ."

பார்க்கவில்லை. அப்பன் சாம்பியன் என்று சொன்னார்கள், அப்பனையும் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து நாள் குட்டி என்று சொல்லி விற்றது ஐந்து வாரம்கூட ஆகாதது என்று பல்லே சொல்லிவிட்டது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளை டாக்டர்தான் எடுத்துச் சொன்னார். குட்டி விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. தடுப்பூசி, பூச்சி மருந்து, மைக்ரோசிப் எல்லாம் விற்கிறவர் பொறுப்பு. தாய் நாய்க்கு வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. கேட்கக் கேட்க எனக்கு என் கடையின் வாசனை அடித்தது. நான் தினமும் பேசுகிற பேச்சுதான். மல்லாட்டை என்கிற இடத்தில் நாய் என்று போட்டிருந்தது.

மூக்கைக் காட்டினார். மற்ற நாய்களுக்கு மூக்கில் ஓட்டை இருக்கும், புரூஸுக்குக் கீறல் இருந்தது. எள்ளுகூட நுழையாது. டி.எம்.வி. எள்ளாக இருந்தாலும் நுழையாது.

"முகத்தச் சப்பையாக்கணும்னு தலைமுறை தலைமுறையா எலும்பச் சுருக்கிட்டாங்க. உள்ள இருக்குற சதை சுருங்கல. பத்தடிப் பாய ஆறடி ரூம்ல விரிச்சா ஓரம் மடிஞ்சி நிக்குமில்ல? அண்ணம் அப்படித்தான் தொண்டையில வந்து தொங்குது. மூச்சு அதத் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். அதான் சத்தம்."

அந்தச் சத்தத்தை நான் பதிவுசெய்து, 'எங்க வீட்டு வித்வான்' என்று தலைப்பிட்டு உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. வெளியே வந்து அழித்தேன். ஆனால் பெரியப்பா மகன் ஏற்கெனவே அதை ரிங்டோனாக வைத்துவிட்டிருந்தான்.

முக மடிப்புகளைத் தினமும் துடைத்து ஈரமில்லாமல் வைக்கச் சொன்னார். நான் துடைத்ததோடு நிற்காமல், வாசனையாக இருக்கட்டும் என்று சந்தனப் பவுடரையும் மடிப்புக்குள் அள்ளிப் போட்டேன். இரண்டு நாளில் அது எச்சிலும் கண்ணீரும் சேர்ந்து பசையாகி, உள்ளே புண் வந்துவிட்டது. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த மடிப்புப் புண் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட புல்டாகுக்கு 38 மடங்கு என்று இருக்கிறது. அந்த 38-இல் பவுடர் போடுகிற முட்டாள்களைச் சேர்த்தார்களா என்று ஆய்வில் இல்லை.

காவல் வேலைக்கு வருவோம். புல் என்றால் காளை. இங்கிலாந்தில் நாய்களை ஏவி, கட்டிப்போட்ட காளையின் மூக்கைக் கவ்வவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 1835-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். அந்தக் காளைச் சண்டை வம்சம்தான் இது என்று நான் தெருவில் சொல்லிவைத்திருந்தேன். எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி ஒருநாள் எட்டிப் பார்த்து 'ம்மா' என்றது. காளையை வென்ற வம்சம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. 2024 மார்ச்சில், 23 இன நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது, அதில் அமெரிக்கன் புல்டாக் இருக்கிறதென்று எதிர்வீட்டுக்காரர் பேப்பரோடு வந்தார். என்னுடையது இங்கிலீஷ் புல்டாக், அது வேறு இது வேறு என்று நான் வாதாட ஆரம்பித்தேன். அவர் புரூஸைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தார். "விடுங்க சார். கடிக்கறதுக்கு மொதல்ல மூச்சு வேணுமே."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். மே மாதம் அது வேடிக்கையாக இல்லை.

கத்திரி வெயில். சாயங்காலம் நாலரை மணி. ஐந்தரைக்கு மேல்தான் வெளியே விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மகனின் நண்பர்கள் ரயில்வே ஜங்ஷன் பக்கம் நிற்கிறார்கள், புல்டாகோடு போட்டோ எடுக்க வேண்டுமாம். என்னையும் சேர்த்து. நான் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. தார் ரோடு செருப்புக்குள்ளே சுட்டது. புரூஸுக்குச் செருப்பு கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. பாதி வழியில் உட்கார்ந்தான். சோம்பேறி என்று கயிற்றை இழுத்தேன். எழுந்து நாலடி வைத்துப் படுத்துவிட்டான். நாக்கைப் பார்த்தேன். சிவப்பாக இல்லை. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலமாக இருந்தது.

நீலம் பார்த்து வாங்கு என்று ஊருக்குச் சொன்னவன் அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை.

பெட்டிக்கடைக்காரர்தான் ஓடிவந்து குடத்துத் தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்றினார். இருபது கிலோவையும் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, டிரைவர் சாலையைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி நாயைப் பார்த்தபடி ஓட்ட, டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இரைக்க வழியில்லாத நாய்க்குச் சூடு உள்ளேயே நிற்கும் என்று டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது.

பிழைத்தான். அப்புறம் புதுச்சேரியில் ஆபரேஷன்: மூக்கைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தொங்கும் அண்ணத்தை வெட்டிக் குறைத்தார்கள். அதற்கான பில்லைப் பார்த்துவிட்டு மனைவி, "பதினஞ்சாயிரம் நாய்க்கு இவ்ளோ செலவா?" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிந்தைய இரவுகளில்தான் புல்டாக் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நார்வேயில் இந்த இனத்தை வைத்து வழக்கே நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டாக் இனப்பெருக்கத்துக்குத் தடை போட்டது, பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகியது. பனி பெய்கிற ஊரிலேயே கோர்ட்டுக்குப் போன மூக்கை நான் விழுப்புரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. "மாமா, பதினஞ்சாயிரத்துக்கு எனக்கும் ஒண்ணு முடிச்சிக் குடுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் அடிபட்டதில் நான் நாய் நிபுணன் ஆகிவிட்டிருந்தேன். இந்த முறை முறைப்படி வாங்குவோம், தாயைப் பார்த்து வாங்குவோம் என்று விசாரித்து ஓர் இடம் கண்டுபிடித்தேன். மறுபடியும் திண்டிவனம். மரக்காணம் போகிற பக்கம் ஒரு வீடு, ஓய்வுபெற்ற டீச்சர். இரண்டே பெண் நாய்கள். குட்டி பார்க்கப் போகிறோம் என்று ஆப்பிள், பூவெல்லாம் வாங்கிக்கொண்டு மச்சானோடு, என் மனைவியோடு, பெண் பார்க்கப் போவதுபோலப் போய் இறங்கினேன்.

குட்டியை நாங்கள் பார்ப்பதற்குள் டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டார். வீடு சொந்தமா வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாடியா கீழா, எத்தனை படி? ஏ.சி. இருக்கிறதா? கரண்ட் போனால்? எனக்குப் பத்தாம் வகுப்பு வாய்மொழித் தேர்வு ஞாபகம் வந்து கை வேர்த்தது. மச்சான் முழித்தான்.

பிறகு தாயை அழைத்துவந்தார். மூன்று நிமிஷம் தோட்டத்தில் விறுவிறுவென்று நடத்திக்காட்டி, "கிட்டப் போயி காத வச்சிக் கேளுங்க" என்றார். கேட்டேன். மூச்சு வந்தது, சங்கீதம் வரவில்லை. ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். இடுப்பு எக்ஸ்ரே, இதய ஸ்கேன், தடுப்பூசித் தேதிகள், பெங்களூரில் இருக்கும் தகப்பனின் ரிப்போர்ட், போன ஈற்றின் தேதி. புல்டாகுக்குத் தலை பெரிது, இடுப்பு குறுகல், பெரும்பாலும் சிசேரியன்தான். அதனால் இவளுக்கு இதுவே கடைசி ஈற்று என்றார். கென்னல் கிளப் சான்றிதழும் இருந்தது. "இது வம்சம் என்னன்னுதான் சொல்லும் சார். உடம்பு எப்படின்னு சொல்லாது. ரெண்டும் வேற." ரகத்தின் பெயர் வேறு, முளைப்புத்திறன் வேறு. நான் முப்பது வருஷமாகச் சொல்வது.

குட்டிகள் நான்கும் உள்ளே ஒரு பாயில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. எனக்குப் பக்கென்றது. குனிந்து ஒன்றின் வயிற்றில் கைவைத்து, ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். டீச்சர் விநோதமாகப் பார்த்தார். குறட்டை விடாமல் தூங்கும் புல்டாக் குட்டியை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மூக்கில் இரண்டு ஓட்டை, ஓட்டையாகவே இருந்தது.

"உங்களுதும் புல்டாக்தானா? அதோட தாயப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் டீச்சர்."

"பேரு?"

"ராணி."

"வாங்கும்போது தாயப் பாக்காதவங்க எல்லாருமே ராணின்னுதான் சொல்றாங்க" என்றார் டீச்சர், ஃபைலை மூடிக்கொண்டே.

மச்சான் விலை கேட்டான். எண்பதாயிரம், எட்டு வாரம் முடிந்த பிறகுதான், வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். "எண்பதா? மாமா பதினஞ்சுக்கு வாங்கினாரே" என்றான் மச்சான், என்னைப் பெருமைப்படுத்துகிற நினைப்பில். டீச்சர் சிரித்துவிட்டார். "புல்டாகா? பதினஞ்சுக்கா? நோவு புடிச்ச குட்டியக்கூட நாப்பதுக்குக் கீழ குடுக்கமாட்டாங்களே சார்."

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மடியில் இருந்த ஆப்பிள் பையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

கடைசியில் டீச்சர் குட்டி தரவில்லை. மச்சான் குடியிருப்பது மொட்டைமாடியில் ஷீட் போட்ட போர்ஷன். "ஷீட்டுக்குக் கீழ இத வச்சா ஒரு கோடை தாங்காது தம்பி. தப்பா நெனைக்காத. நாய் வேணும்னா சிப்பிப்பாறை பாரு, இல்ல உங்க தெருவுலயே ஒரு குட்டிய எடுத்து ஊசி போட்டு வளர்த்துக்கோ. அதுங்களுக்கு இந்த வெயில் தெரிஞ்ச வெயில்." தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒவ்வாதவை என்று பக், ஹஸ்கி, பிரெஞ்சு புல்டாக் உட்பட 11 இனங்களைப் பட்டியல் போட்டிருந்ததையும் சொன்னார். நான் நிபுணன் அல்லவா, "அது பிரெஞ்சு டீச்சர், இது இங்கிலீஷ்" என்றேன். "வெயிலுக்கு பாஷை தெரியாது சார்" என்றார்.

எண்பதாயிரம் வருமானத்தை ஒரு தகரக் கூரைக்காக வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். ஈரமில்லாத மானாவாரி நிலத்துக்கு இறவை ரகம் கேட்டு வந்தவனை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. பிரசங்கம் பண்ணிவிட்டு பில் போட்டிருக்கிறேன்.

மச்சான் அடுத்த வாரமே ஒரு தெருக்குட்டியை எடுத்துக்கொண்டான். போன் பண்ணினான். "அம்மாவப் பாத்துட்டேன் மாமா. டீக்கட வாசல்லதான் படுத்திருக்கு. நல்லா மூச்சு விடுது."

புரூஸ் இப்போது ஏ.சி. அறையில் இருக்கிறான். அம்மாவும் முட்டிவலிக்கு இதமாக இருக்கிறதென்று அங்கேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். மதியத்தில் இரண்டு பேரும் குறட்டை விடுகிறார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் சத்தம்தான் அதிகம். மறைத்த முப்பதாயிரத்தை மனைவி கடைக் கணக்கில் என் பெயரில் பற்று எழுதி, மாதம் ஆயிரம் வீதம் பிடித்துக்கொள்கிறாள். இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி.